ஒரே ஒரு தடவை புரோகிராம் ஏறியது, அப்புறம் எஸ்டி-லிங்க்குக்குச் சிப் கண்ணிலேயே படவில்லை

மோட்டார்ரூம்:
வணக்கம். எங்கள் தோட்டத்து போர்வெல் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் நானே ஒரு போர்டு வரைந்திருக்கிறேன். சிப் எஸ்டிஎம்32எஃப்103சி8டி6 என்ற மைக்ரோகன்ட்ரோலர். மொத்தம் 5 போர்டு, சால்டர் வைத்ததும் நான்தான். புரோகிராம் ஏற்ற 4 பின் ஹெடர்: 3.3 வோல்ட், கிரவுண்ட், பிஏ13இல் எஸ்டபிள்யூடிஐஓ (டேட்டா), பிஏ14இல் எஸ்டபிள்யூசிஎல்கே (கிளாக்). யுஎஸ்பி பென் டிரைவ் மாதிரி இருக்குமே, கம்ப்யூட்டரிலிருந்து சிப்பில் புரோகிராம் ஏற்றும் அந்த குளோன் (நகல்) எஸ்டி-லிங்க் வி2 வைத்திருக்கிறேன்.

முதல் போர்டில் க்யூப்எம்எக்ஸ் (சிப் கம்பெனியின் மென்பொருள்) எழுதித் தந்த கோடில் எல்இடி சிமிட்டும் வரிகளை மட்டும் சேர்த்து ஏற்றினேன், அழகாக ஏறியது, இப்போதும் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் மறுபடி இணைத்தால் "நோ எஸ்டிஎம்32 டார்கெட் ஃபவுண்ட்" என்கிறது. சிப் போய்விட்டது என்று நினைத்து இரண்டாவது போர்டை எடுத்தேன், அதே கதை. மூன்றாவதும் அதே. மீதி இரண்டைத் தொடவே பயமாக இருக்கிறது. ரீசெட் பின்னில் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் மட்டும் இருக்கிறது, ஹெடருக்கு அதைக் கொண்டுவரவில்லை. பூட்0 பின் (சிப் எங்கிருந்து எழுவது என்று தீர்மானிப்பது) 10 கிலோஓம் வழியாக கிரவுண்டுக்குப் போகிறது. ஒயரிங்கில் தப்பு செய்திருக்கிறேனா?

சால்டர்கம்பி:
முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். 24, 36, 48 மூன்று விடிடி (பவர்) பின்னிலும், 9ஆம் பின் விடிடிஏவிலும் (அனலாக் பகுதிக்கான பவர்) சிப்பின் காலிலேயே வைத்து அளந்து பாருங்கள், டிராக்கில் அல்ல. விடிடிஏவை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. குளோன்களில் பின் வரிசை ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும், உறைமேல் அச்சிட்டதைப் பார்த்தே ஒயர் மாட்டுங்கள், இணையத்தில் உள்ள படத்தை நம்பாதீர்கள். ஒயர் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். வேகத்தை 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். இன்னொன்று, போர்டுக்குத் தனி சப்ளை கொடுத்திருந்தால் குளோனின் 3.3 வோல்ட் ஒயரைக் கழற்றிவிடுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

மோட்டார்ரூம்:
எல்லாம் பார்த்துவிட்டேன் அண்ணா. எல்லா விடிடி பின்னிலும் 3.27 வோல்ட், ஒயர் 10 செ.மீ., 100 கிலோஹெர்ட்ஸிலும் வரவில்லை. ஆனால் தொடாத நாலாவது போர்டை அதே ஒயரில் மாட்டினேன், உடனே இணைந்தது! எதையும் ஏற்றாமல் கழற்றி வைத்துவிட்டேன்.

நள்ளிரவு_டீபக்:
அப்படியென்றால் ஒயரிங் சரி, சிப்பும் சரி. நீங்கள் ஏற்றிய புரோகிராம்தான் கதவைச் சாத்துகிறது. க்யூப்எம்எக்ஸில் சிஸ்டம் கோரின் கீழ் எஸ்ஒய்எஸ் என்று இருக்கும், அதில் டீபக் "நோ டீபக்" என்று கிடக்கும், யாரும் மாற்றாவிட்டால் அதுதான் இருக்கும். எஃப்1 வரிசையில் அப்படி விட்டால் எச்ஏஎல் எம்எஸ்பி கோப்பில் (சிப்பைத் தயார்செய்யும் கோடு இருக்கும் கோப்பு) எஸ்டபிள்யூஜே டிசேபிள், அதாவது டீபக் வழியை மூடு, என்று முடிகிற ஒரு வரியை அது தானாகவே எழுதிவிடும். சிப் எழுந்து அந்த வரியைத் தாண்டியதும் பிஏ13, பிஏ14 இரண்டும் சாதாரண பின் ஆகிவிடும், எஸ்டி-லிங்க் எவ்வளவு தட்டினாலும் திறக்க ஆள் இல்லை. நானும் இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

மீட்பது எளிது. பவரை நிறுத்துங்கள், 44ஆம் பின் பூட்0வை ஒரு ஒயரால் 3.3 வோல்ட்டில் பிடியுங்கள் (10 கிலோஓம் இருப்பதால் ஒன்றும் ஆகாது), பவர் போடுங்கள். பூட்1 ஆன பிபி2 லோவில் (கிரவுண்ட் மட்டத்தில்) இருந்தால் சிப் தன் உள் பூட்லோடருக்குப் போகும், ஃபிளாஷில் உள்ள உங்கள் புரோகிராம் ஓடாது, எஸ்டபிள்யூடி (பிஏ13, பிஏ14 வழியான டீபக் இணைப்பு) திறந்தே இருக்கும். இணைத்து முழுவதையும் அழித்துவிட்டு ஒயரை எடுங்கள். இல்லையென்றால் "கனெக்ட் அண்டர் ரீசெட்" தேர்ந்தெடுத்து, அந்த 100 நானோஃபாரட் கெபாசிட்டரின் ரீசெட் பக்க முனையை ட்வீசரால் கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்தபடி கனெக்ட் அழுத்தி, அதே கணம் விடுங்கள். கைப்பழக்கம் வேண்டும், இரண்டு மூன்று தடவை முயலவேண்டி வரும்.

அப்புறம் க்யூப்எம்எக்ஸில் "சீரியல் ஒயர்" தேர்ந்தெடுத்து கோடைத் திரும்ப எழுதவைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும், மறக்காதீர்கள்.

மோட்டார்ரூம்:
மூன்று போர்டும் உயிரோடு வந்துவிட்டன!! பூட்0 வழியில் முதல் முயற்சியிலேயே இணைந்தது. மிக்க நன்றி அண்ணா, புதுச் சிப் ஆர்டர் போடவே உட்கார்ந்திருந்தேன். அடுத்த போர்டில் ஹெடரை எப்படி வைக்கலாம்?

பழைய_பெஞ்சு:
தம்பி, குறைந்தது 5 பின் வையுங்கள், ஐந்தாவது ரீசெட். பூட்0வுக்கு ஒரு டெஸ்ட் பேடும் போட்டுவிடுங்கள், பிபி2வை 10 கிலோஓமில் கிரவுண்டுக்கு இழுத்துவிடுங்கள். சில குளோன்களில் ஆர்எஸ்டி என்று எழுதிய பின் எஸ்டிஎம்8 என்ற வேறு வரிசைச் சிப்புக்கு மட்டும்தான் வேலை செய்யும், அதையும் சோதித்துக்கொள்ளுங்கள். இடம் இருந்தால் ஏஆர்எம் காரர்களின் 1.27 மி.மீ. 10 பின் கனெக்டரே நல்லது: 1இல் சிப்பின் வோல்ட்டேஜ், 2இல் எஸ்டபிள்யூடிஐஓ, 4இல் எஸ்டபிள்யூசிஎல்கே, 6இல் எஸ்டபிள்யூஓ (சிப்பிலிருந்து டீபக் செய்தி வரும் பின்), 10இல் ரீசெட், 3, 5, 9 கிரவுண்ட். அசல் எஸ்டி-லிங்க் வி2 வாங்கினால் அதன் வோல்ட்டேஜ் பின் போர்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மட்டும்தான், பவர் தராது.

எனக்கு இதைவிடக் கவலை மோட்டார் போர்டு என்கிறீர்களே, அதில்தான். சப்ளை கெபாசிட்டர் டிராப்பரா (டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெபாசிட்டராலேயே வோல்ட்டேஜைக் குறைப்பது)? அப்படியானால் போர்டின் கிரவுண்டே கரண்ட் லைனோடு நேராகச் சேர்ந்திருக்கும், அதில் எஸ்டி-லிங்க்கை மாட்டினால் லேப்டாப்பும் போகும், தொட்டால் உங்களுக்கும் ஆபத்து.

மோட்டார்ரூம்:
இல்லை ஐயா, ஐசொலேட்டட் (கரண்ட் லைனிலிருந்து பிரித்த) எஸ்எம்பிஎஸ் மாட்யூல்தான், 5 வோல்ட். ஆனால் இதுவரை மெயின்ஸ் போட்டபடியேதான் டீபக் செய்துகொண்டிருந்தேன்.

பழைய_பெஞ்சு:
அதை இன்றோடு நிறுத்துங்கள். ரிலே பக்கத்து டிராக்கில் 230 வோல்ட் திறந்து கிடக்கும், ஒயரைப் பிடித்த கை கொஞ்சம் வழுக்கினால் போதும். மெயின்ஸைக் கழற்றிவிட்டு, மொபைல் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் கொடுத்து டீபக் செய்யுங்கள்.