காலையில் சத்தியம், மாலையில் மீண்டும் போதை: ஏன்?

கேள்வி: "இனி தொடமாட்டேன்" என்று மனசாரச் சொல்பவர் அன்று மாலையே மறுபடி எடுக்கிறார். மனவுறுதி இல்லையா, மூளையே மாறிவிட்டதா?

பதில் 1: இரண்டும் வேறல்ல. மனவுறுதி என்பதே நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியின் வேலை. இன்பத்தையும் ஆசையையும் தூண்டும் மூளை வேதிப்பொருள் டோபமைன். போதைப்பொருள் அதைத் திரும்பத் திரும்பப் பொங்கவைத்தால், மூளை செல்களில் அதை வாங்கும் டி2 ஏற்பிகள் குறைகின்றன. அன்றாடச் சந்தோஷங்கள் சப்பென்று ஆகின்றன. ஆனால் பழைய கூட்டாளி, பழைய இடம், கையில் காசு, இதில் எதைக் கண்டாலும் ஏக்கம் பொங்கும். காலையில் அந்தத் தூண்டுதல் இல்லை. அதனால் சத்தியம் பொய்யும் இல்லை.

பதில் 2: காலக்கணக்கும் குலைகிறது. இன்று 500 வேண்டுமா, ஒரு மாதம் கழித்து 1,000 வேண்டுமா என்றால் போதைக்கு அடிமையானவர்கள் பெரும்பாலும் இன்றையதையே எடுப்பார்கள். அறிவுரை எடுபடாததற்கு இதுவும் காரணம். ஏக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அந்த நேரத்தைத் தாண்ட யாருக்கு போன் செய்வது, எங்கே போவது என்று முன்பே எழுதிவைக்க வேண்டும். தூக்கமின்மையும் பசியும் கட்டுப்பாட்டை இன்னும் தளர்த்தும்.

பதில் 3: ஒரு எச்சரிக்கை. மதுவையோ டயாசெபம் வகைப் பதற்ற, தூக்க மாத்திரையையோ நீண்ட நாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் பார்வையில்தான் குறைக்க வேண்டும். ஹெராயினில் ஆபத்து வேறு மாதிரி. சில வாரம் விட்டபின் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம், ஏனென்றால் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும்.