செகிகஹாரா: ஹிதேஅகி எப்போது அணி மாறினார்?

ஜப்பானின் செகிகஹாரா போர் பற்றி ஒரு காணொளிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது.

1600 அக்டோபர் 21, இன்றைய கிஃபு மாகாணம். கிழக்கு அணி தொகுகவா இயேயாசு, மேற்கு அணி இஷிதா மிட்சுநாரி. மட்சுவோ மலையில் படையோடு நின்ற கொபயாகவா ஹிதேஅகி கிழக்குப் பக்கம் தாவியதும் மேற்கு அணி சரிந்தது. 1603-இல் இயேயாசு ஷோகன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆகிவிட்டார்.

வழக்கமான கதைப்படி ஹிதேஅகி மதியம் வரை தயங்கினார், பொறுமையிழந்த இயேயாசு மலையை நோக்கிச் சுடச் சொன்னார், ஹிதேஅகி மிரண்டுபோய்க் கிழக்கு அணிக்காக இறங்கினார். சினிமாவுக்கு நல்ல காட்சிதான். ஆனால் அது பிற்காலத்தில், தொகுகவா ஷோகன்கள் ஆண்ட எடோ (Edo) காலத்துப் போர்க்கதைகளில் வருவது. போர் முடிந்த கையோடு எழுதிய கடிதங்களை வைத்து, சண்டை தொடங்கியதுமே அவர் மாறிவிட்டார் என்கிறார்கள் சில ஜப்பானிய ஆய்வாளர்கள். எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது.

கையில் கிடைத்த ஆங்கில வரலாற்று நூல்கள் எல்லாம் பழைய கதையையே சொல்கின்றன. ஜப்பானியக் கட்டுரைகளை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டேன். கட்டுரை ஓரளவு புரிகிறது, நடுவே வரும் பழைய கடித நடை மட்டும் கூழாகிவிடுகிறது. ஜப்பானிய மொழி தெரிந்த நண்பரும் அந்த நடையைப் பார்த்துக் கைவிரித்துவிட்டார்.

அந்தக் கடிதங்களின் நம்பகமான ஆங்கில அல்லது தமிழ் மொழிபெயர்ப்பு எங்கே கிடைக்கும்?