மறு: குளோபின் 'சுவிட்ச்' – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

> 'ஆளி' இருக்கிறதே, பேசாமல் 'குளோபின் ஆளி' என்று வைத்துவிடலாம்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'ஆளி' நல்ல சொல்தான். விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது போதும். ஆனால் குளோபின் (ஹீமோகுளோபினில் உள்ள புரதம்) விஷயத்தில், கருவில் ஒரு வகையைச் செய்த உடம்பு பிறந்த பிறகு வேறு வகைக்கு மாறுவதைத்தான் 'சுவிட்ச்' என்கிறோம்; அது ஏற்றி அணைக்கிற வேலை இல்லை.

பதினோராம் குரோமோசோமில் எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, கடைசியில் பீட்டா என்று குளோபின் மரபணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கரு வளர வளர இவை வேலைக்கு வரும் வரிசையும் ஏறத்தாழ இதுவே. வரிசையின் தலைமாட்டில் எல்சிஆர் என்ற ஊக்கிப் பகுதி (மரபணுவை மும்முரமாக வேலை செய்யவைக்கும் டிஎன்ஏ துண்டு, ஆங்கிலத்தில் என்ஹான்ஸர்). டிஎன்ஏ வளைந்து, எந்த மரபணுவை எல்சிஆர் தொடுகிறதோ அங்கேதான் படியெடுப்பு (மரபணுவிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுப்பது) மும்முரமாக நடக்கும். கருவில் காமாவைத் தொடும், பிறந்த பிறகு பீட்டாவுக்குப் போய்விடும்.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் ராகிப் பாத்திகளுக்கு அப்பா தண்ணீர் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிருஷ்ணகிரி அணைக் கால்வாயில் தண்ணீர் விட்டால் எங்கள் வாய்க்காலுக்கு வருவது ஒரே ஓட்டம். ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் நாலு கொத்து ஈரமண் அள்ளி அதன் வாயில் போட்டுக் காலால் மிதிப்பார், அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிடுவார். தண்ணீர் நிற்பதே இல்லை, மடைதான் மாறுகிறது. ஆகவே என் பரிந்துரை: 'குளோபின் மடைமாற்றம்'.

இன்னொரு வசதியும் உண்டு. எவ்வளவு மிதித்தாலும் அடைத்த மடை கொஞ்சம் கசியும். பெரியவர்கள் இரத்தத்திலும் காமா சேர்ந்த கரு ஹீமோகுளோபின் சுமார் 1 விழுக்காடு இருந்துகொண்டேதான் இருக்கிறது. சிலருக்குப் பரம்பரையாகவே மடை சரியாக அடைபடாமல் நிறையக் கசிகிறது. அதனால் அவர்களுக்குப் பெரிதாக ஒரு கெடுதலும் இல்லை. பீட்டா பழுதான தலசீமியா, அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்த நோய்கள் உள்ளவர்களுக்கும் காமா மடையைத் திறந்துவிட்டால் என்ன என்ற யோசனை இங்கிருந்து வந்ததுதான். (இந்த நோய்கள் பிறந்து சில மாதம் கழித்தே தலைகாட்டுவதும் அதுவரை காமா தாங்கிப் பிடிப்பதால்தான்.)

காமா மடையில் மண் போடுவது பிசிஎல்11ஏ என்ற புரதம். 2008-இல் இது தெரியவந்தது. அதை உடம்பு முழுக்க நீக்கிவிடவும் முடியாது, பி செல்களுக்கும் மூளை வளர்ச்சிக்கும் அது வேண்டும். எனவே அந்த மரபணுவுக்குள் இருக்கும், சிவப்பணு வரிசையில் மட்டும் வேலை செய்கிற ஊக்கியைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியால் வெட்டிச் சிதைக்கிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன.

> மடைமாற்றம் என்றால் நிதியைத் திருப்பிய செய்திதான் நினைவுக்கு வரும்.

வரட்டுமே. அங்கேயும் ஒரு பாத்திக்குப் போக வேண்டியது இன்னொரு பாத்திக்குப் போவதுதான் கதை. வயலில் பிறந்த சொல்லைச் செய்தித்தாளுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா?

> இரத்தச் சிவப்பணுவில் நடக்கும் மடைமாற்றம்...

இதில் ஒரு திருத்தம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, படியெடுக்க அங்கே மரபணு ஏது? 'எலும்பு மஜ்ஜையில் உள்ள சிவப்பணு முன்னோடிகளில்' என்று எழுதுங்கள்.

அப்புறம், பிசிஎல்11ஏ-க்கு 'மடையடைப்பி' என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், 'அடக்கி' போதும். வகுப்பில் பின்பெஞ்சுக்காரர்கள் 'மடையன்' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு உறுத்துவது 'ஊக்கி'தான். வேதியியலில் 'வினையூக்கி' ஏற்கெனவே இருக்கிறது. தூரத்திலிருந்து வளைந்து வந்து தொடுகிற சங்கதியும் 'ஊக்கி'யில் தெரியவில்லை. அதற்குத் தனி இழை தொடங்கட்டுமா?