350 ரூபாய்ச் சட்டை: உடையை வைத்து ஆளை எடைபோடலாமா?

செக்கிங்மேசை (திருப்பூர்):

ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் பிரிவில், தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை செய்கிறேன். போன மாதம் தம்பிக்குப் பெண் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தோம். மார்பில் சின்னம் தைத்த வெளிநாட்டு பிராண்டு சட்டை ஒன்றைத் தம்பி போட்டிருந்தான். பெண்ணின் தாய்மாமன் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் அவனோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். பிறகு, "சட்டை நன்றாக இருக்கிறதே, எங்கே எடுத்தீர்கள் மாப்பிள்ளை?" என்று கேட்டார். தம்பிக்குப் பொய் வராது. "காதர்பேட்டையில் மாமா, 350 ரூபாய்" என்றான்.

அதற்குப் பிறகு அவர் தம்பியிடம் எதுவும் கேட்கவில்லை. பேச்சு மழைக்கும் நூல் விலைக்கும் போய்விட்டது. மூன்றாம் நாள் தரகர் போன் செய்து, "பையன் இன்னும் கொஞ்சம் நிலைப்படட்டும் என்று நினைக்கிறார்கள்" என்றார். சம்பளம், படிப்பு, ஜாதகம் எல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். அந்த வீட்டில் அன்று புதிதாகத் தெரியவந்தது சட்டையின் விலை மட்டும்தான்.

எங்கள் ஊர்க் காதர்பேட்டையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏற்றுமதிக்குத் தைத்து, ஏதோ காரணத்தால் கப்பல் ஏறாத துணிகள் அங்கே விற்பனைக்கு வரும். மூவாயிரம் சட்டைக்கு ஒரு லாட் என்றால், கப்பல் ஏறும் முன் வெளிநாட்டில் வாங்குபவரின் ஆள் வந்து 125 சட்டைகளை எடுத்துப் பார்ப்பார். பெரும்பாலும் பின்பற்றும் கணக்குப்படி ஏழு பெரிய குறை வரைக்கும் லாட் தேறும். எட்டாவது வந்தால் மூவாயிரமும் நின்றுவிடும். மறுபடி பிரித்துச் சரிசெய்ய நேரம் இருந்தால் போகும், இல்லையென்றால் சர்ப்ளஸ், அதாவது மிச்சச் சரக்கு. அந்த மூவாயிரத்தில் பெரும்பாலான சட்டைகள் ஒரு நூல் பிசகாதவை. கப்பலில் போயிருந்தால் அதே சட்டை லண்டனில் ஒருவரைக் கனவானாகக் காட்டியிருக்கும். இங்கே என் தம்பியை நிலைப்படாதவன் ஆக்கிவிட்டது.

உடையின் விலையை வைத்து ஆளின் விலையைப் போடுவது எந்த ஊர் நியாயம்?

கச்சேரிசாலை (சென்னை):

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை.

பதினேழு வருடமாக வேலைக்கு ஆள் எடுப்பவன் நான். உள்ளே வருபவரின் உடையைப் பார்க்கிறேன், அதை வைத்து ஓர் எண்ணமும் கொள்கிறேன். இதை ஒளிக்க நான் வெட்கப்படவில்லை. ஆள் பாதி ஆடை பாதி என்று நம் முன்னோர் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. விலையை நான் பார்ப்பதில்லை. காலர் அழுக்கா, பித்தான் எல்லாம் இருக்கிறதா, வரும் இடத்துக்கு ஏற்ப உடுத்தியிருக்கிறாரா என்று பார்ப்பேன். பத்து நிமிடத்தில் ஒருவரைப் புரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது நடக்காத காரியம்.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். திருப்பூரில் சின்னம் இல்லாத நல்ல சட்டைக்குப் பஞ்சமா? பெண் பார்க்கப் போகும் நாளில் உங்கள் தம்பி சின்னம் தைத்த சட்டையை ஏன் தேர்ந்தெடுத்தார்? அதைப் பார்த்து நாலு பேர் மதிக்க வேண்டும் என்றுதானே? உடையைப் பார்த்து மதிப்பிடும் பழக்கத்தின்மேல் நம்பிக்கை வைத்துத்தான் அவரும் அதைப் போட்டார். மதிப்புக் கூடும்போது ஏற்றுக்கொண்டு, குறையும்போது மட்டும் அநியாயம் என்று சொல்ல முடியாது. அதோடு, சம்பந்தம் நின்றதற்கு வேறு காரணமும் இருக்கலாம். தரகர் வாய்க்கு வருவதெல்லாம் உண்மையான காரணம் ஆகிவிடாது.

கைத்தறிநேசன் (மதுரை):

நான் ஒரு படி மேலே போகிறேன். பிராண்டு உடை போடுபவர்களை எடைபோடத்தான் வேண்டும், ஆனால் குறைத்து எடைபோட வேண்டும்.

முன்பெல்லாம் தயாரித்தவரின் பெயர் கழுத்துக்கு உள்ளே ஒரு பட்டியில் இருந்தது. அது போட்டுக்கொள்பவருக்கும் சலவைக்காரருக்கும் மட்டும் தெரியும். 1933-இல் பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த் தொடங்கிய நிறுவனம் முதலைச் சின்னத்தைச் சட்டையின் மார்பில் தைத்து விற்றது. சின்னத்தை வெளியே காட்டிய தொடக்ககாலச் சட்டைகளில் அதுவும் ஒன்று. அன்றிலிருந்து உடுத்துபவரே காசு கொடுத்து விளம்பரப் பலகை ஆகிவிட்டார். அந்தப் பலகைக்காகக் கடன் அட்டையில் தவணை கட்டும் பிள்ளைகளை என் தெருவிலேயே பார்க்கிறேன். முதல் மாதச் சம்பளம் முழுவதையும் ஒரு காலணிக்குக் கொடுத்தவனை நான் எப்படி மதிப்பேன்?

தலைவர்கள் விஷயத்தில் இன்னும் கடுமை வேண்டும். பிரதமர் மோடி 2015-இல் ஒபாமா வந்தபோது தன் பெயரே கோடுகளாக அமைந்த கோட்டு அணிந்தார். அடுத்த மாதம் சூரத் ஏலத்தில் அது 4 கோடியே 31 லட்சத்துக்குப் போனது. 2022 நடைபயணத்தில் ராகுல் காந்தி போட்ட டி-ஷர்ட்டின் விலை 41,257 ரூபாய் என்று பா.ஜ.க.வினர் படம் போட்டார்கள். இரண்டையும் மக்கள் பேசியது சரியே. காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று எங்கள் மதுரை மேலமாசி வீதியில்தான் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழைக்குக் கிடைக்காத துணி தனக்கும் வேண்டாம் என்றார். உடை ஒருவரின் உள்ளத்தைக் காட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் (பரமக்குடி):

கைத்தறிநேசன் அவர்களே, காந்தியை நான் வணங்குகிறேன். ஆனால் அவரிடம் துறப்பதற்கு ஒரு சட்டை இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

1930 டிசம்பரில் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த வருடம் தடைகள் பதினொன்று ஆயின.

என் தாத்தாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும். சாகும்வரை அவர் ஊர்த்தெருவில் தோளில் துண்டு போட்டு நடந்ததில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் பழக்கம் தடை போன பிறகும் அவர் உடம்பிலிருந்து போகவில்லை. எனக்கு வேலை கிடைத்த முதல் மாதம் மதுரைக்குப் போய், கடையிலேயே விலை அதிகமான காலணி எது என்று கேட்டு வாங்கினேன். சம்பளத்தில் பாதி அதிலேயே போய்விட்டது. அதைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊரின் நடுத்தெருவில் முதல் தடவையாக நடந்தபோது தாத்தா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

அந்தக் காலணியை வைத்து என்னை எடைபோட்டால் ஆடம்பரக்காரன் என்றுதான் எழுதுவீர்கள். கோட்டும் கழுத்துப்பட்டையும் இல்லாத அம்பேத்கர் சிலை எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை. அது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருப் பையன் எதற்காக அந்தக் காலணியை வாங்கினான் என்று எப்போதாவது அவனிடம் கேட்டீர்களா?

கைத்தறிநேசன் (மதுரை):

ஐயா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. அந்தப் பையனிடம் நான் கேட்டதில்லை. அவனைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

தலைவர்களைப் பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை. எளிய உடைக்காரரின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை வேட்டி கட்டியிருந்தார் என்று சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க மன்றத்துக்குள் விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் உரிமம் ரத்தாகும், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. விலை உயர்ந்த உடையை உயர்த்தி வைப்பதால்தான் மற்ற உடை வாசலில் நிற்கிறது. என் கோபம் அங்கிருந்து வருகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (பரமக்குடி):

அந்தச் சட்டத்தை நானும் வரவேற்றேன். நிறுத்தப்பட்டவர் நீதிபதியாக இருந்ததால் ஒரு மாதத்தில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து வருடம் கழித்து, 2024-இல், பெங்களூர் வணிக வளாகம் ஒன்றில் மகனோடு சினிமா பார்க்கப் போன ஒரு விவசாயியை அதே வேட்டிக்காக நிறுத்தினார்கள். படம் பிடித்து வெளியே விட்டதால் தெரிந்தது, அரசும் அந்த வளாகத்தை ஒரு வாரம் மூட வைத்தது. படம் பிடிக்க மகன் இல்லாத விவசாயிகளின் கதி என்ன?

பட்டுப்பிரிவு (தி.நகர்):

இருபத்திரண்டு வருடமாக ஜவுளிக்கடையில் வருபவர்களுக்குப் புடவை எடுத்துப் போடுகிறேன். இந்தப் பாவத்தைத் தினமும் செய்பவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது முதலில் காலைப் பார், பிறகு கைப்பையைப் பார், கடைசியில் முகத்தைப் பார் என்பதுதான். ஆடிக் கூட்டத்தில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். எந்த அலமாரியைத் திறப்பது என்று அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். கச்சேரிசாலை ஐயா சொல்வது உண்மை, கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்ய முடியாது.

ஆனால் நாங்கள் தவறாக முடிவு செய்யும்போது என்ன நடக்கிறது என்பதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ரப்பர் செருப்போடு வரும் அம்மாவுக்கு இரண்டாயிரம் ரூபாய்ப் புடவையை எடுத்துப் போட்டால் அவர் உடனே புரிந்துகொள்வார். மகள் கல்யாணத்துக்கு இருபதாயிரம் சேர்த்து எடுத்து வந்திருப்பார், ஆனால் அதற்குப் பிறகு மேலே இருப்பதைக் காட்டச் சொல்ல அவருக்கு வாய் வராது. போட்டதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எத்தனை கல்யாணங்களில் ஒரு பெண் தன் அம்மா நினைத்ததைவிடக் குறைந்த புடவையில் மணையில் உட்கார்ந்திருப்பாள், அதற்கு என் கண் காரணம் என்று சில இரவுகளில் தோன்றும். "எவ்வளவுக்குள் பார்க்கலாம்?" என்று கேட்டுப் பார்த்தேன். அந்தக் கேள்வியும் சிலரைக் குத்துகிறது.

இப்போது யார் வந்தாலும் நடு அலமாரியிலிருந்து தொடங்குகிறேன். மூன்று புடவை விரிப்பேன். அவர்கள் கை எதைத் தொடுகிறது என்று பார்த்து மேலேயோ கீழேயோ போவேன். நேரம் கொஞ்சம் கூடும். மேற்பார்வையாளர் இரண்டு முறை கடிந்துகொண்டார். விற்பனை குறையவில்லை என்பதால் விட்டுவிட்டார்.

கச்சேரிசாலை (சென்னை):

பட்டுப்பிரிவு அவர்களின் நடு அலமாரி எனக்குப் பிடித்திருக்கிறது. நேர்காணலில் அதற்கு ஈடு எது என்று யோசிக்கிறேன். முதல் கால் மணி நேரம் எழுத்துத் தேர்வை மட்டும் பார்த்துவிட்டு ஆளைப் பிறகு பார்க்கலாம்.

மற்றபடி என் நிலையை விடவில்லை. உடை ஒரு மொழி. பேசியவரே பிறகு, நான் பேசியதைக் கேட்டது உன் தவறு என்று சொல்ல முடியாது. திருப்பூர்ச் சகோதரி, சின்னத்தைப் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பிராண்டுக்காரர்கள் தங்கள் சின்னத்தோடு சர்ப்ளஸ் வெளியே விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போடுவார்கள் என்று கேள்வி. காதர்பேட்டையில் போலியும் கலந்திருக்கும். அந்த மாமா போலி என்று நினைத்து முகம் மாறியிருந்தால்?

செக்கிங்மேசை (திருப்பூர்):

அண்ணா, கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாள் ஓவர்டைம், அதனால்தான் தாமதம்.

போலி உண்டு, மறுக்கவில்லை. ஒப்பந்தமும் உண்டு. கழுத்துப் பட்டியை வெட்டி, சில சமயம் மையால் கோடு போட்டுத்தான் வெளியே வரும். மார்புச் சின்னத்தைப் பிரித்தால் துணி கிழியும் என்பதால் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது சரியா தவறா என்பது முதலாளிகளுக்கும் வாங்குபவர்களுக்கும் இடையே தீர வேண்டிய வழக்கு. இது போலி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த லாட் எங்கள் கம்பெனியில் தைத்தது. ஓவர்லாக் அடித்தது என் பக்கத்து வீட்டு அக்கா. செக்கிங் செய்தது நான். அளவு, தையல், கறை, ஊசி ஓட்டை, பித்தான் என்று ஒவ்வொரு சட்டையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தவை என் கைகள். லாட் நின்றது தையலால் இல்லை, சாயம் தாமதமாக வந்து கப்பல் நாள் தவறியதால்.

கம்பெனிக் கேட்டைத் தாண்டி நாங்கள் செய்த சட்டை எதையும் நான் உடம்பில் பார்த்ததே இல்லை. எல்லாம் பெட்டியில் அடுக்கித் தூத்துக்குடிக்குப் போய்விடும். அந்த லாட் காதர்பேட்டைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்து நானே போய்த் தேடி, தம்பி அளவுக்கு ஒன்று எடுத்தேன். பெண் பார்க்கப் போகும் அன்று இதைப் போடு என்று சொன்னதும் நான்தான். நாலு பேர் பார்த்து மதிக்க வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். ஆமாம், நினைத்தேன். அந்தச் சின்னத்தை மதிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இப்படி ஒரு சட்டையைத் தைக்கிறவர்கள் வீட்டிலிருந்து வந்திருக்கிறான் என்று தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தம்பி அதையும் சொல்லியிருப்பான்.

உடை ஒரு மொழி என்றீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். பாதி வாக்கியத்தில் எழுந்து போகக் கூடாதல்லவா?

அடுத்த மாதம் தாராபுரத்தில் ஓர் இடம் சொல்லியிருக்கிறார்கள். வேறு சட்டை எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், இதையேதான் போடுவேன் என்கிறான். இரண்டாவது பித்தான் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தைத்து வைக்க வேண்டும்.