டிராபார் ஆர்கன்: பாட்டு நடுவில் பிரீசெட் மாற்றுவது, இரண்டைக் கலப்பது எப்படி?

பாளை கீபோர்டு
பாளையங்கோட்டையில் ஆலய ஆராதனைக்கு 61 கட்டை மிடி கீபோர்டு, லேப்டாப்பில் டிராபார் ஆர்கன் சாஃப்ட்வேர். டிராபார்னா ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் 0 முதல் 8 வரை கூட்டிக் குறைக்கிற ஒன்பது இழுப்புக் கம்பி; வரிசையா 16, 5⅓, 8, 4, 2⅔, 2, 1⅗, 1⅓, 1 அடி (அடி குறையக் குறைய சுரம் உயரும்). அந்த ஒன்பது அளவையும் எண்ணா எழுதிச் சேமிச்சு வச்சதுதான் பிரீசெட். முதல் சரணத்துக்கு 00 6400 000, கடைசிச் சரணத்துக்கு 60 8806 004. மாற்றும்போது ‘டக்’னு ஒரு சத்தம், வால்யூமும் எகிறுது. இரண்டையும் கலக்க அதே சாஃப்ட்வேரை இரண்டு காப்பி ஓட்டினால் ஒரு நாள் நிறைவா கேட்குது, மறுநாள் மெலிஞ்சு போகுது. அண்ணாச்சிமார் வழி சொல்லுங்க.

பொருநை மிடி
தம்பி, முதல்ல இரண்டு காப்பியை நிறுத்துங்க. இந்த சாஃப்ட்வேர் போலச் செய்யும் அசல் ஆர்கனான ஹாமண்ட் பி-3ல 91 டோன்வீல் (சுற்றி ஒலி எழுப்பும் சக்கரம்)தான் எல்லா ஒலிக்கும் ஊற்று. எத்தனை டிராபார் இழுத்தாலும் ஒரே அலை ஒரே கட்டத்தில் (ஃபேஸ், அதாவது ஏற்ற இறக்கம் ஒன்றா) வரும், அதனால் கூடும். இரண்டு காப்பியில் சக்கரங்கள் தனித்தனியா சுற்றத் தொடங்குது. எதிர்க் கட்டத்தில் விழுந்தால் ஒன்றை ஒன்று தின்னுடும். ஆளுக்கொரு லெஸ்லி (ஒலியைச் சுழற்றும் ஸ்பீக்கர்) வேற சுத்தினா இன்னும் கலங்கும்.

கலவையைக் கணக்குப் போட்டு ஒரே பிரீசெட்டா சேமியுங்க. டிராபார் ஒரு படி சுமார் 3 டெசிபல். ஒரே அளவு இரண்டு கூடினால் 6 டெசிபல், அதாவது இரண்டு படி ஏறும். உதாரணத்துக்கு, உங்க 00 6400 000-உடன் 60 6606 004 சேர்ந்தால் 8 அடியில் 6-ம் 6-ம் சேர்ந்து 8. 4 அடியில் 4-ம் 6-ம் சேர்ந்து ஏறக்குறைய 7. ஆக 60 8706 004. 10 ஆகுமேன்னு எல்லாத்தையும் 8-ல போட்டுடாதீங்க, நயமே போயிடும்.

இரண்டாவது, ஏழாவது டிராபாரை நீங்க மூடி வச்சது ரொம்பச் சரி. 5⅓ அடியும் 1⅗ அடியும் நாலு குரல் சேர்ந்து ஒலிக்கும் கார்டில் கலங்கலாத்தான் கேட்கும்.

டவுன் ஆர்கன்
வால்யூம் எகிறுவதற்குக் காரணம் உங்க இரண்டு பிரீசெட்டுக்கும் இடையில் சுமார் 9 டெசிபல் வித்தியாசம் இருக்கு. மாற்றுமுன் எக்ஸ்பிரஷன் பெடலை (காலால் வால்யூம் கூட்டிக் குறைப்பது) கொஞ்சம் பின்னால் இழுத்து, மாற்றினபிறகு மெல்ல ஏற்றுங்க. ‘டக்’ சத்தம் கட்டை அழுத்தியிருக்கும்போது அலை நடுவில் அறுபடுவதால் வருது. அசல் ஆர்கனிலும் உண்டு. பாட்டு வரி முடிந்து சபை மூச்செடுக்கிற இடத்தில் விரலைத் தூக்கி மாற்றுங்க.

மாற்றமே தெரியாமல் வளரணும்னா பிரீசெட்டே வேண்டாம். ஒரு பெடலை ஐந்து டிராபாருக்கும் சேர்த்துக் கொடுங்க. மிடியில் (கீபோர்டு 0 முதல் 127 வரை எண் அனுப்பும் முறை) ஒரு படிக்குச் சுமார் 16: 4-ன்னா 64, 6-ன்னா 95, 8-ன்னா 127. 8 அடி 95-லிருந்து 127, 4 அடி 64-லிருந்து 127, 16 அடி 0-லிருந்து 95. 2 அடியும் 1 அடியும் பெடல் பாதி தாண்டும்வரை 0, அதுக்கு மேல 95, 64-ன்னு ஏறட்டும். முன்னாடியே ஏறினால் சரணத் தொடக்கமே கீச்சுன்னு இருக்கும். சில சாஃப்ட்வேரில் 127-தான் மூடிய நிலை. தலைகீழா வேலை செய்தா ‘இன்வெர்ட்’ போடுங்க.

இன்னொண்ணு: பிரீசெட் மாறினபிறகு கீபோர்டில் டிராபாருக்குப் பயன்படுத்தும் ஃபேடர் (நகர்த்தும் குமிழ்) பழைய இடத்திலேயே நிற்கும், தொட்டதும் ஒலி தாவும். ‘பிக்கப்’ முறை இருந்தால் போடுங்க. ஃபேடர் அந்த அளவைத் தாண்டும்வரை அது சும்மா இருக்கும்.

பாளை கீபோர்டு
நன்றி அண்ணாச்சி. பெடல் வழிதான் நான் தேடினது. பெர்கஷன் (கட்டை அழுத்தும்போது தொடக்கத்தில் மட்டும் வரும் ‘டிங்’ ஒலி) போட்டால் கடைசி டிராபார் மட்டும் செத்துப் போகுதே?

பொருநை மிடி
அது பி-3-யின் குணம், சாஃப்ட்வேர் கோளாறு இல்லை. மேல் மேனுவலில் (மேல் கட்டை வரிசை) கடைசி டிராபாரான 1 அடியின் கான்டாக்டைத்தான் (மின் தொடர்பு) பெர்கஷன் எடுத்துக்கிடும். ஒரு கட்டையாவது அழுத்தியிருந்தால் அடுத்த சுரத்துக்குப் பெர்கஷன் அடிக்காது, எல்லா விரலும் எழும்பணும். சேர்த்து வாசிக்கிற பாட்டில் அதனால் பயன் குறைவு, அணைச்சே வையுங்க. லெஸ்லியும் மெதுவான வேகத்திலேயே இருக்கட்டும்.