வேலூர் வெயிலில் களாச்செடியைக் குட்டையாக வளர்ப்பவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். காட்பாடியில் இருக்கிறோம். மதில் ஓரமாக, இடுப்பு உயரம் தாண்டாமல், வருஷம் முழுக்கப் பச்சையாக, கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கும் செடி வைக்க ஆசை. நர்சரியில் துரந்தாவைக் காட்டினார்கள். மஞ்சள் பழம் கொள்ளை அழகு. ஆனால் அது விஷம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

களாச்செடிதான் மனதில் நிற்கிறது. மல்லிகை போல வெள்ளைப் பூ, இளஞ்சிவப்பாகத் திரண்டு கறுப்பாகப் பழுக்கும் காய், அப்புறம் ஊறுகாயும் போடலாம். வறட்சியும் தாங்கும்.

ஆனால் விட்டால் பத்தடிக்கு மேல் போய்விடுமே, எப்போது கவாத்து செய்கிறீர்கள்? பூ கிளை நுனியில்தான் வருகிறது. அடிக்கடி வெட்டினால் காய் குறையாதா? பழம் முடிந்ததும் ஒரே தடவை வெட்டினால் போதுமா? எங்கள் போர் தண்ணீர் உப்பு. மே மாதத்தில் எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றலாம்?

விதைக் கன்று காய்க்க நாளாகும் என்பதால் பதியன் கன்று தேடுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கிடைக்குமிடம் தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் வீட்டுச் செடியின் படமும் போடுங்கள், முள் எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும்.