மறுமொழி: க. நல்லதம்பிக்கான உதவிப்பணம் நிறுத்தியது பற்றி

தலைவர் அத்தானுக்கும் பொருளாளர் தம்பிக்கும் சங்க உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

நல்லதம்பி வசதிக்காரர், அதனால்தான் மாதப்பணத்தை நிறுத்தினோம் என்று தம்பி போட்ட மடலையும் அதன்கீழ் வந்த பதில்களையும் முழுக்க வாசித்தேன். கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போன தம்பியின் மச்சான் அப்படியே நம்மட ஊருக்கும் போயிருக்கிறார். நல்லதம்பியின் மேல்மாடி வீட்டையும் வாசலில் நின்ற டிராக்டரையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தப் படத்தில் இருப்பது கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் நல்லதம்பி. சங்கம் உதவுவது, பாதை என்று நாம் சொல்கிற ஆளேற்றும் படகில் தொழில் செய்த பாதைக்கார நல்லதம்பிக்கு.

அண்ணாவியாரின் தகப்பன் கந்தப்பர், பாதைக்காரரின் தகப்பன் கணபதிப்பிள்ளை. எழுத்தில் இரண்டு பேரும் க. நல்லதம்பிதான். சந்தியில் நின்று "நல்லதம்பியர் வீடு எது" என்று கேட்டால் பெரிய வீட்டைத்தான் கையால் காட்டுவார்கள். பாதைக்காரர் வீடு என்று கேட்டிருந்தால் ஒரு சின்னப்பிள்ளையே ஆற்றங்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கும். தம்பியின் மச்சான் இளம் ஆள், 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தால் போய் வருகிறவர். அதற்கு முன்னம் அந்தத் துறையில் சனத்தையும் சைக்கிளையும் ஏற்றிப் பாதை ஓடியதையோ, அதில் இவர் தொழில் செய்ததையோ அவர் அறிந்திருக்க நியாயம் இல்லை. அத்தானுக்குத் தெரியும்.

தம்பி, பணம் யாருக்குப் போனது என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். பாதைக்காரரின் மகள் வங்கிப் புத்தகத்தையும் அவரது அடையாள அட்டையையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன், குழுவில் போட மாட்டேன். பழைய அட்டை இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, ஆண்களுக்கு அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பாதைக்காரரின் இலக்கம் 49 இல் தொடங்குகிறது. அண்ணாவியார் என் சின்னண்ணரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர், 60க்குப் பிறகு பிறந்தவர். நீங்கள் நிறுத்தும் வரைக்கும் பணம் சரியான புத்தகத்தில்தான் விழுந்திருக்கிறது. மறுகா மூன்று மாதமாக ஒரு சதமும் இல்லை. சீனி வருத்தத்தால் கால் எடுத்த மனுசன், புண் கட்டுவதற்கு மட்டக்களப்புக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும். மகள் காதுத்தோட்டை அடகு வைத்திருக்கிறாள்.

அத்தான், வசதிக்காரனுக்குக் காசு கொடுத்த சங்கம் என்று மற்ற ஊர்க்காரர் சிரிப்பார்கள் என எழுதியிருந்தீர்கள். ஒரு போன் எடுத்து விசாரிக்காமல் நிறுத்தியதுதான் எனக்கு மானக்கேடாகப் படுகிறது. உங்கள் மூத்த மகள் பிறந்த இரவு, துறையில் எல்லாரும் தோணி இறக்கப் பயந்த நேரத்தில், அக்காவை அக்கரைக்குக் கொண்டு சேர்த்தது யார்? அக்காவிடம் கேளுங்கள்.

கனடாவில் இருந்து எழுதிய மருமகனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாவியார் நம்மிடம் எதுவும் கேட்டவர் இல்லை. அந்த வீடு மகன்மார் கட்டாரில் உழைத்துக் கட்டியது. உங்கள் தகப்பன் உட்பட நம்மட ஆண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வடமோடிக் கூத்துப் பழக்கிக் களரி ஏற்றியவர் அவர். அவருடைய படத்துக்குக் கீழே "கள்ளன்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் தெரிவில் நடந்த சண்டையை இதற்குள் இழுக்காதீர்கள். அவரோடு பேசி மன்னிப்புக் கேளுங்கள்.

ஒரே பேர் என்பதை நம்மட ஊர் லேசாக எடுக்கக்கூடாது. 1990 இல் சுற்றிவளைப்பில் பட்டியலில் இருந்த ஒரு பேருக்காக, அதே பேர் கொண்ட என் மாமாவின் மகனைக் கொண்டுபோனார்கள். மாமி அவனது பிறப்புச் சான்றிதழை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தார். "தகப்பன்ட பேரைப் பாருங்க ஐயா, இவன் வேற பிள்ளை" என்று எல்லாரிடமும் காட்டினார். ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. அவன் திரும்பி வரவே இல்லை. தேடப்பட்டவர் இன்றைக்கும் இந்தக் குழுவில் இருக்கிறார். அவரில் எனக்குக் கோபம் கிடையாது, அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. ஆனால் பேரை மட்டும் பார்த்து ஒருவரைத் தீர்மானிக்கிற வேலையை நம்மட சங்கம் செய்ய நான் விடமாட்டேன்.

சரி, இனி ஆக வேண்டியது. உதவி பெறுகிற ஒவ்வொருவருக்கும் தகப்பனின் முழுப்பேர், ஊரில் அழைக்கிற பேர், கிராம சேவகர் பிரிவு, அட்டை இலக்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் புதுப் பட்டியல் ஒன்று எழுதுங்கள். தெரியாத விபரம் இருந்தால் என்னிடம் கேளுங்கள், சொல்லித் தருகிறேன். குழுவில் கிடக்கிற அண்ணாவியாரின் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நிலுவையான மூன்று மாதப் பணத்தையும் இந்த மாதப் பணத்தோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். சங்கக் கணக்கில் காசு போதாவிட்டால் சொல்லுங்கள், குறைகிறதை நான் போடுகிறேன். மகளின் போன் நம்பர் தம்பியிடம் இருக்கிறது. இனி ஊருக்குப் போய் விசாரிக்க நினைக்கிறவர்கள் முதலில் அவளோடு கதைத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
ஓவசியர் வளவுப் பெரியக்கா
சூரிச்